முத்துப்பார் வரைக்கும் சிக்னல் போகுமா? தூத்துக்குடியில எந்த சிம் வேகம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம்.)

போன ரெண்டு வாரமா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துக்கிட்டே இருக்கு. "தூத்துக்குடிக்கு வேலை மாறிப் போறேன், எந்த சிம் எடுக்கலாம்?" "ஹார்பர்ல ஜியோ நல்லா இருக்கா, ஏர்டெல் நல்லா இருக்கா?" ஒருத்தர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமா கேட்டிருந்தார்: "அப்பா வள்ளத்துல போறார், கரையை விட்டுத் தள்ளிப் போனா லைன் கிடைக்கறதே இல்ல, எந்த கம்பெனிக்கு மாத்துறது?"

முதல் ரெண்டு கேள்விக்கான பதிலும் மூணாவது கேள்விக்கான பதிலும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரா வரும். அதனாலதான் இதுக்கு ஒரு முழு எபிசோட்.

ஒரு நேர்கோடு மனசுல போட்டுக்குங்க. பாளையங்கோட்டை ரோட்டுல ஆரம்பிச்சு, ஊருக்குள்ள பழைய பஸ் ஸ்டாண்டு, அப்புறம் பீச் ரோடு பனிமயமாதா கோவில், அங்கிருந்து கடலுக்குள்ள. கரையிலிருந்து பத்து கி.மீ. தாண்டினா முத்துப்பார்கள். பார்னா கடலுக்கு அடியில இருக்கிற பாறைத் திட்டு, சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்துல. பாண்டியர் காலத்துல இருந்து முத்துக் குளிச்ச இடம். 1961-க்கு அப்புறம் அங்க முத்துக்குளிப்பு நடக்கல, ஆனா சங்கு குளிக்கவும் மீன் பிடிக்கவும் இன்னிக்கும் ஆள் போறாங்க. இந்த ஒரே கோட்டுல எந்த நெட்வொர்க் 'பெஸ்ட்'ங்கிறது மூணு தடவையாவது மாறும். ஏன் மாறுதுன்னு புரிஞ்சிட்டா, எந்த ஊருக்குப் போனாலும் சிம்மை நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம்.

வேகம்னா அகலம்

ஸ்பீடு டெஸ்ட்ல வர்ற நம்பரை எது முடிவு பண்ணுது? டவர்ல கூட்டம் எவ்வளவு, சிக்னல் எவ்வளவு சுத்தம்னு பல விஷயம் இருக்கு. ஆனா அடிப்படையா ஒண்ணுதான்: அந்த கம்பெனிகிட்ட எவ்வளவு அகலமான அலைக்கற்றை இருக்குங்கிறது. ரோடு மாதிரிதான். 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல சாதாரண 4ஜி ஓட்டினா, எல்லாம் கச்சிதமா அமைஞ்சாலும் நொடிக்கு 75 மெகாபிட் வரும். 20 மெகாஹெர்ட்ஸ்னா 150. அதே 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல 5ஜி ஓட்டினா, நல்ல ஃபோன்ல ஆயிரத்தைத் தாண்டும்.

அந்த 100 மெகாஹெர்ட்ஸ் எங்க கிடைக்கும்? மேல. 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிற பேண்ட்ல. 5ஜி ஃபோன் பெட்டியில 'என்78'னு எழுதியிருக்குமே, அதான். 2022 ஆகஸ்ட்ல முடிஞ்ச ஏலத்துல மத்திய அரசுக்கு மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு ஏலம் போச்சு. அதுல ஜியோ மட்டும் 88,078 கோடி, ஏர்டெல் 43,084 கோடி, வி 18,799 கோடி. இந்த மேல் பேண்ட்ல ஜியோவும் ஏர்டெல்லும் ஒவ்வொரு வட்டத்துலயும் குறைஞ்சது 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கினாங்க. வி 17 வட்டங்கள்ல 50 வாங்குச்சு. 'இவங்க ஏன் எப்பவும் பின்னாடி வர்றாங்க'ன்னு ரேங்கிங் ரிப்போர்ட் பார்த்துக் கேக்குறவங்களுக்கு, பாதிப் பதில் இந்த ஏலத்துலயே இருக்கு.

கீழ்ப் பேண்டுகள், அதாவது 700, 800, 900, எல்லாம் ஒல்லி. ஒரு கம்பெனிக்கு 5 மெகாஹெர்ட்ஸ், 10 மெகாஹெர்ட்ஸ்னுதான் கிடைக்கும். 700 பேண்டை 2016 ஏலத்துலயும் 2021 ஏலத்துலயும் விலை கட்டுப்படியாகலன்னு யாருமே தொடல. 2022-ல ஜியோ மட்டும் 22 வட்டத்துலயும் 10 மெகாஹெர்ட்ஸ் ஜோடியா வாங்கிடுச்சு. தனியார்ல வேற யார்கிட்டயும் 700 கிடையாது. பிஎஸ்என்எல்லுக்கு 2023 ஜூன்ல மத்திய அரசு கொடுத்த 89,047 கோடி ரூபாய் தொகுப்புல 700 வந்துச்சு. அது ஏலத்துல வாங்கினது இல்ல, ஒதுக்கீடு.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. 700-ல 5ஜி ஓட்டினாலும் ரோடு 10 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். அதனால ஃபோன் மேல 5ஜின்னு காட்டும், வேகம் நல்ல 4ஜி அளவுக்குத்தான் வரும். அதே கம்பெனி, அதே ஐகான், தெரு முனையில 600, வீட்டு உள் ரூம்ல 60. ஃபோன் கெட்டுப் போச்சுன்னு சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீங்க. ஃபோன் சத்தமில்லாம மேல் பேண்ட்ல இருந்து கீழ்ப் பேண்டுக்கு இறங்கியிருக்கு, அவ்வளவுதான்.

சின்ன வாய் வலை

மேல் பேண்ட் வேகம்னா, எல்லாத்தையும் அதுலயே ஓட்டிடலாமே?

அலையோட நீளத்தைப் பாருங்க. 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 43 செ.மீ. நீளம், நம்ம கை மாதிரி. 3500 மெகாஹெர்ட்ஸ் அலை எட்டரை செ.மீ., ஒரு விரல் அளவு. ஃபோன்ல இருக்கிற ஆன்டெனா அலையோட நீளத்துக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். அது ஒரு வலை வாய்னு வச்சுக்குங்க. அலை அஞ்சு மடங்கு சின்னதானா, வலை வாயோட பரப்பு இருபத்தஞ்சு மடங்கு சின்னது. டவர்ல இருந்து ஒரே சக்தியில அனுப்பினாலும் 3500-ல ஃபோனுக்குச் சிக்கறது 700-ல சிக்கறதுல இருபத்தஞ்சுல ஒரு பங்குதான். இது ஒரு தடையும் இல்லாத வெட்டவெளியில. நடுவுல கான்கிரீட் சுவர் வந்தா இன்னும் மோசம். 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஒரு செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். ஒரு வேப்ப மரத்து இலைக் கூட்டமே அதை நிறுத்திடும்.

(அந்த 26 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு கிளைக்கதை. அதானி குழுமம் துறைமுகம், விமான நிலையம் மாதிரி இடங்கள்ல தனி நெட்வொர்க் போடப்போறதா சொல்லி, தமிழ்நாடு உட்பட 6 வட்டங்கள்ல மொத்தம் 400 மெகாஹெர்ட்ஸை 212 கோடிக்கு எடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல அதை அப்படியே ஏர்டெல்லுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டாங்க. கன்டெய்னர் யார்டு மாதிரி எல்லை தெரிஞ்ச, ஆளில்லாத திறந்தவெளிக்கு அந்தப் பேண்ட் பொருத்தம்தான். நமக்கு ரீல்ஸ் பார்க்க அது வரப்போறதில்ல.)

மேல் பேண்ட் டவர்ல நிறைய குட்டி ஆன்டெனாக்களைச் சேர்த்து, அலையை டார்ச் மாதிரி குவிச்சு ஃபோனை நோக்கி அடிப்பாங்க. இழந்ததுல ஒரு பகுதி அதுல திரும்பக் கிடைக்கும். ஆனா ஃபோனால அப்படிக் குவிச்சுத் திருப்பி அடிக்க முடியாது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடலுக்குப் போகும்போது வேணும்.

எதிர்த்திசையில ஒரு உதாரணம் இதே ஊர்லயே உண்டு. இலங்கை நேயர்களுக்காகத் தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒலிபரப்பின தூத்துக்குடி வானொலியோட மத்திய அலை 1053 கிலோஹெர்ட்ஸ். அலையோட நீளம் 285 மீட்டர். ஒரே 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை வச்சு கடலைத் தாண்டி அடுத்த நாட்டுக்குக் குரலை அனுப்பினாங்க. ஆனா அந்த அலையில ஒரு ஃபோட்டோவை வாட்ஸ்அப் பண்ணிட முடியாது. தூரம் வேணும்னா ஒல்லி, அகலம் வேணும்னா கிட்ட. ரெண்டும் ஒரே அலையில வராது.

ஊருக்குள்ள யாரு?

பாளையங்கோட்டை ரோடு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கீங்கன்னா மேல் பேண்ட் 5ஜி ஓட்டுற கம்பெனிதான் வேகம். ஜியோ, ஏர்டெல் ரெண்டுல எதுவா இருந்தாலும், உங்க வீட்டுக்குப் பக்கத்துல யாரோட என்78 டவர் இருக்குங்கிறதுதான் கேள்வி. ஒரு வித்தியாசம் மட்டும் தெரிஞ்சுக்குங்க. ஜியோ தன் 5ஜியைத் தனி நெட்வொர்க்காவே கட்டுச்சு. ஏர்டெல் இருக்கிற 4ஜி மேல 5ஜியைச் சாய்ச்சு வச்சு ஆரம்பிச்சாங்க, ஃபோன் முதல்ல 4ஜியைப் பிடிக்கும், அப்புறம் 5ஜியைக் கூடச் சேர்த்துக்கும். அதனால சில ஃபோன்ல 5ஜின்னு எழுதியிருக்கும், டேட்டா முழுக்க 4ஜில ஓடிக்கிட்டிருக்கும்.

யார்கிட்ட எந்தப் பேண்ட்ங்கிறது பாதி வரலாறு. நம்ம ஊர்ல ஏர்செல் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? 2018 பிப்ரவரி, மார்ச்ல அது படுத்தப்ப தமிழ்நாட்டுல பாதிப் பேர் போர்ட் நம்பர் கேட்டு அலைஞ்சாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2016-ல, தமிழ்நாடு உட்பட 8 வட்டத்து 2300 பேண்டை ஏர்செல் 3,500 கோடிக்கு ஏர்டெல்லுக்குக் கொடுத்துடுச்சு. நீங்க இன்னிக்கு ஏர்டெல் 4ஜில 'பேண்ட் 40'னு பார்க்கிறது பழைய ஏர்செல் சொத்து.

இப்போ கூட்டத்துக்கு வருவோம். ஜூலை 26 கொடியேத்தத்துல இருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமயமாதா கோவில் திருவிழா. கடைசி நாள் பீச் ரோட்டுல நின்னு பாருங்க. சிக்னல் அஞ்சு கட்டை நிக்கும், ஃபோட்டோ போகாது. கட்டை காட்டுறது டவர் குரல் எவ்வளவு சத்தமா கேக்குதுன்னுதான். அந்தக் குரலை எத்தனை பேர் பங்கு போடுறாங்கன்னு அது காட்டாது. 10 மெகாஹெர்ட்ஸ் கீழ்ப் பேண்டை ஆயிரக்கணக்கானவங்க பிய்ச்சுக்கிட்டா ஒருத்தருக்கு என்ன மிஞ்சும்? திருவிழா அன்னிக்கு 100 மெகாஹெர்ட்ஸ் வச்சிருக்கிறவன்தான் ராஜா.

மீன்பிடி துறைமுகத்துலயும் இதே கதைதான், ஆனா தினமும். தூத்துக்குடி விசைப்படகுகள் தங்கு கடல் போறதில்ல. காலையில 5 மணிக்குப் போய் ராத்திரி 9 மணிக்குள்ள திரும்பணும்னு விதி. எல்லா படகும் ஒரே நேரத்துல கரை சேர, ஏலக்கூடத்துல எல்லா ஃபோனும் ஒரே நேரத்துல முழிக்கும். வியாபாரி கியூஆர் கோடை நீட்டுறார், வட்டம் சுத்துது. யூபிஐக்குத் தேவை சில கிலோபைட்தான். அங்க பிரச்சினை ஸ்பீடு கிடையாது, முறை வர்றதுதான். 'எங்க நெட்வொர்க் 600 எம்பிபிஎஸ்'ங்கிற விளம்பரம் அந்த இடத்துல ஒரு பிரயோஜனமும் இல்ல.

உப்பளம் பக்கம் போனா தலைகீழ். தட்டையான நிலம், மறைக்க ஒண்ணுமில்ல, சிக்னல் ரொம்ப தூரம் நடக்கும். ஆனா ஆள் கம்மிங்கிறதால டவரும் கம்மி. அங்க கீழ்ப் பேண்ட் வச்சிருக்கிறவங்கதான் கேப்பாங்க.

கடலுக்குள்ள

இப்போ அந்த வள்ளத்து அப்பா கேள்வி. இதுக்குத்தான் இந்த எபிசோடே.

கடல்ல சுவர் இல்ல, மரம் இல்ல, கூட்டம் இல்ல. அப்போ சிக்னல் நல்லா போகணுமே? பழைய ஆளுங்க கரையில தெரியுற கோவில் கோபுரம், புகைக்கூண்டு, பனைக்கூட்டம் எல்லாத்தையும் கோடு பிடிச்சுத்தான் பார் எங்க இருக்குன்னு கண்டுபிடிப்பாங்க. கண்ணுக்குக் கோபுரம் தெரியுதுன்னா ரேடியோ அலைக்கும் வழி இருக்குன்னு அர்த்தம். சொல்லப்போனா காத்து மண்டலம் அலையைக் கொஞ்சம் வளைச்சுக் கொண்டுபோறதால, ரேடியோவுக்குக் கண்ணை விடக் கூடுதல் தூரம் தெரியும். 40 மீட்டர் உயர டவர், வள்ளத்துல 2 மீட்டர் உயரத்துல ஃபோன். பூமியோட வளைவை மட்டும் கணக்குல எடுத்தா சுமார் 32 கி.மீ. வரைக்கும் நேர்ப்பார்வை உண்டு.

ஆனா மீனவர்களுக்கான தகவல் சேவை நடத்துற ஹைதராபாத் இன்காய்ஸ் மாதிரி அரசு அமைப்புகள் சொல்ற கணக்கு, கரையிலிருந்து 10–12 கி.மீ. தாண்டினா செல்ஃபோனை நம்ப முடியாதுங்கிறது. 32 எங்க, 12 எங்க? நடுவுல 20 கி.மீ. எங்க போச்சு?

முதல் காரணம் சாய்வு. ஊருக்குள்ள இருக்கிற டவர் ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழ் நோக்கிச் சாய்ச்சுத்தான் மாட்டுவாங்க. 40 மீட்டர் உயரத்துல 4 டிகிரி சாய்ச்சா, அலையோட மையம் 570 மீட்டர் தூரத்துலயே தரையைத் தொட்டுடும். அதுக்கு நியாயமான காரணம் உண்டு. அலை தூரம் போனா அடுத்த டவரோட இடிச்சுக்கும், எல்லாருக்கும் வேகம் குறையும். ஊருக்குள்ள ஸ்பீடு டெஸ்ட் நல்லா வரணும்னா ஒவ்வொரு டவரும் தன் தெருவோட நிக்கணும். அதாவது கரையில உங்களுக்கு வேகம் கொடுக்கிற அதே திருகுதான் கடல்ல இருக்கிறவர் லைனைக் குறைக்குது. ஆன்டெனாவை நிமிர்த்திக் கடலைப் பார்த்து வைக்கணும்னு ஒரு எஞ்சினியருக்குத் தோணலாம். ஆனா அந்தப் பக்கம் ரீசார்ஜ் பண்ற ஆள் கம்மி. ஏல நிபந்தனைகளும் மாவட்டத் தலைநகரம், ஒன்றியத் தலைநகரம்னு நிலத்தைத்தான் எண்ணும். டிராய் நடத்துற டிரைவ் டெஸ்ட் கார்ல நடக்குது, கடல்ல கார் ஓடாது.

ரெண்டாவது, ஃபோனோட குரல். டவர் ஒரு பேண்ட்ல 20, 40 வாட்ல பேசும். உங்க ஃபோன் உச்சத்துல 0.2 வாட். டவர் ஒலிபெருக்கி வச்சிருக்கிற கட்சிப் பேச்சாளர், ஃபோன் கூட்டத்துக் கடைசியில நின்னு வெறுங்குரல்ல கத்துற ஆள். 'ரெண்டு கட்டை காட்டுது, ஆனா கால் போகலையே'ங்கிறது இதுதான். அவர் சொல்றது உங்களுக்குக் கேக்குது, உங்க பதில் அவருக்குப் போய்ச் சேரல. மேல் பேண்ட்ல இந்த இடைவெளி இன்னும் பெருசு. கீழ்ப் பேண்ட்ல அந்த 0.2 வாட்டும் கொஞ்சம் தூரம் போகும். அதனாலதான் கடலுக்கு 700, 800, 900.

மூணாவது காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இது வெறும் கணக்கு. 4ஜி டவருக்கு ஃபோன் முதல்முதலா 'நான் இருக்கேன்'னு கை தூக்கணும். அந்தச் சத்தம் வந்து சேர டவர் ஒரு குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும். பரவலா பயன்படுத்துற அமைப்புல அந்தக் காத்திருப்பு சுமார் 97 மைக்ரோ செகண்ட். அதுக்குள்ள அலை போய்த் திரும்பக்கூடிய தூரம் பதினாலரை கி.மீ. அதுக்கு அப்பால இருந்து வர்ற பதில் தாமதமா வரும், சிக்னல் எவ்வளவு பலமா இருந்தாலும் டவர் அதைச் சேர்த்துக்காது. அமைப்பை மாத்தினா 100 கி.மீ. வரைக்கும் நீட்ட முடியும், 4ஜி விதிமுறையிலயே அதுக்கு இடம் இருக்கு. நீட்டினா ஊருக்குள்ள இருக்கிறவங்க பயன்படுத்துற நேரத்துல கொஞ்சம் போகும்.

பழைய 2ஜில இந்த எல்லை 35 கி.மீ. 'பட்டன் ஃபோன்தான்ல கடல்ல எடுக்கும்'னு தெரேஸ்புரத்துல யாராவது அண்ணாச்சி சொன்னா சிரிக்காதீங்க. அது வெறும் பழைய பாசம் கிடையாது, அதுல கணக்கு இருக்கு. ஜியோகிட்ட 2ஜியே கிடையாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூணும் இன்னும் 2ஜி வச்சிருக்காங்க.

இப்போ முத்துப்பார் இருக்கிற தூரத்தைத் திரும்ப நினைச்சுப் பாருங்க. பத்து கி.மீ.க்கு மேல. சங்கு குளிக்கிறவர் மூச்சைப் பிடிச்சோ காத்துக் குழாயைக் கடிச்சோ கீழ இறங்குற அந்த இடம்தான், சரியா செல்ஃபோன் தடுமாறுற விளிம்பு.

அதனால அந்த நேயருக்கு என் பதில்: அப்பாவோட ரெண்டு சிம்ல ஒண்ணு 2ஜி இன்னும் ஓடுற கம்பெனியா இருக்கட்டும். இன்னொண்ணு கரையில யாரோட 700 இல்லைனா 800, 900 4ஜி பலமா இருக்கோ அது. ஸ்பீடு டெஸ்ட் பார்த்து எடுக்காதீங்க.

எச்சரிக்கை எந்தப் பேண்ட்ல வரும்?

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கன்னியாகுமரிக் கடல்ல புயல் உருவாகுறப்போ பல படகுகள் ஏற்கனவே நாள்கணக்கா ஆழ்கடல்ல இருந்துச்சு. செல்ஃபோனுக்கும் எட்டாத, வயர்லெஸுக்கும் எட்டாத தூரம். கரையில எல்லார் ஃபோனுக்கும் வந்த செய்தி அவங்களுக்குப் போகல. தமிழ்நாட்டு மீனவர்கள் நூத்துக்கும் மேல திரும்பி வரல.

அதுக்கப்புறம் ரெண்டு விதமான முயற்சி நடந்துச்சு. ஒண்ணு, 2023-ல உங்க ஃபோன் திடீர்னு அலறி 'இது சோதனைச் செய்தி'ன்னு காட்டுச்சே, அது. செல் பிராட்காஸ்ட். சாதாரண எஸ்எம்எஸ் வரணும்னா உங்க ஃபோன் டவருக்குப் பதில் சொல்லியாகணும். செல் பிராட்காஸ்டுக்குப் பதில் தேவையில்ல, டவர் ஒருதடவை கத்தும், கேக்குற தூரத்துல இருக்கிற எல்லா ஃபோனும் எடுத்துக்கும். 'அவர் சொல்றது கேக்குது, என் பதில் போகல'ங்கிற அந்த விளிம்புல இருக்கிற வள்ளத்துக்கு இந்த ஒரு வித்தியாசம் பெருசு. திருவிழாக் கூட்டத்துலயும் இது அடைக்காது. ஃபோன் செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி அலர்ட்டை 'சத்தம் எரிச்சலா இருக்கு'ன்னு அணைச்சு வச்சிருக்கீங்கன்னா, தயவுசெஞ்சு இப்பவே போய் ஆன் பண்ணுங்க. வீட்ல கடலுக்குப் போறவங்க இருந்தா அவங்க ஃபோனையும் பாருங்க.

இன்னொண்ணு, டவரையே விட்டுட்டு வானத்துக்குப் போறது. இஸ்ரோ உருவாக்கின டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகள்ல இலவசமா பொருத்துற, 364 கோடி ரூபாய் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 30-ல தொடங்கி வச்சுது. செயற்கைக்கோள் வழியா ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டிச் செய்தி போகும், ஃபோன்ல ப்ளூடூத்ல படிச்சுக்கலாம். வேகம்னு பார்த்தா நம்ம ஸ்பீடு டெஸ்ட் ஆப்ல முள்ளே நகராது. நடுக்கடல்ல 'ஆபத்து'ன்னு ஒரு வார்த்தை அனுப்ப அது போதும்.

ரெண்டு சிம், ஒரே டவர்

கரையில இருக்கிறவங்களும் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவழியில மாட்டி நின்னுச்சு. கரண்ட் போச்சு, ரோடு போச்சு, பின்னாடியே ஃபோனும் போச்சு. டவர்ல பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு வரணும். ரோடே இல்லாதப்ப டீசல் எப்படி வரும்?

இங்கதான் 'நான் ரெண்டு கம்பெனி சிம் வச்சிருக்கேன், எனக்குப் பிரச்சினை இல்ல'ங்கிற நம்பிக்கை அடி வாங்கும். கம்பெனி வேறயா இருக்கலாம், இரும்புக் கம்பம் ஒண்ணா இருக்கலாம். ஏர்டெல், வி ரெண்டு பேருமே இண்டஸ் டவர்ஸோட பெரிய வாடிக்கையாளர்கள். ஒரே கம்பத்துல, ஒரே பேட்டரில ரெண்டு பேர் ஆன்டெனாவும் தொங்குறது சகஜம். ஜியோவோட டவர்கள்ல பெரும்பகுதி 2020-ல புரூக்ஃபீல்டு தலைமையிலான முதலீட்டாளர்கள் கைக்குப் போன தனி நிறுவனத்தோடது. பிஎஸ்என்எல்லுக்குச் சொந்தக் கம்பங்கள் நிறைய உண்டு. அதனால ரெண்டாவது சிம்மை முதல் சிம்மோட கம்பத்துல தொங்காத கம்பெனியா பார்த்து எடுங்க. தரங் சஞ்சார்னு தொலைத்தொடர்புத் துறையோட ஒரு வெப்சைட் இருக்கு, உங்க ஏரியா மேப்ல எந்த டவர்ல யார் யார் இருக்காங்கன்னு அதுல பார்க்கலாம்.

பிஎஸ்என்எல் பத்தி சிரிப்பு ஸ்மைலி அனுப்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 27-ல உள்நாட்டுத் தொழில்நுட்பத்துல கட்டின 4ஜியை அவங்க நாடு முழுக்க ஓடவிட்டாங்க, சுமார் 97,500 டவர். சி-டாட், தேஜஸ், டிசிஎஸ் சேர்ந்து செஞ்சது. 1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்ட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு சுதேசி 4ஜியைச் சும்மா ஒதுக்க எனக்கு மனசு வரல. ஆனா பாசத்துக்காக சிம் வாங்கச் சொல்லல. 700 பேண்டும் சொந்தக் கம்பமும் இருக்கிறதால ரெண்டாவது சிம்முக்கு அது ஒரு நியாயமான தேர்வு. முதல் சிம்மா எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க தெருவுல டெஸ்ட் பண்ணிடுங்க.

டெஸ்ட் எப்படின்னு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஐஃபோன்ல *3001#12345#* டயல் பண்ணுங்க. பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்ல *#*#4636#*#*, சாம்சங்னா *#0011#. அது வேலை செய்யலைன்னா நெட்மான்ஸ்டர் மாதிரி ஒரு ஆப். அதுல ரெண்டே விஷயம் பாருங்க. ஒண்ணு பேண்ட் நம்பர்: 28னா 700, 5னா 800, 8னா 900, 3னா 1800, 1னா 2100, 40னா 2300, 41னா 2500, 78னா 3300க்கு மேல. இன்னொண்ணு ஆர்எஸ்ஆர்பி, மைனஸ்ல வரும். மைனஸ் 80 அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115 தாண்டினா அந்த டவர் கைவிடப் போகுதுன்னு அர்த்தம். கட்டையை நம்பாதீங்க, எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கட்டைன்னு ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வச்சிருக்கு.

இன்னொரு வழியும் உண்டு. டிராய் 2024-ல கொண்டு வந்த விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் வெப்சைட்ல கவரேஜ் மேப் போட்டாகணும். 2ஜி, 4ஜி, 5ஜின்னு தனித்தனியா பார்க்கலாம். தூத்துக்குடியைப் பெருசாக்கிப் பாருங்க. கலர் எந்த இடத்துல நிக்குதுன்னு கவனிங்க.

அப்படியே ராமேஸ்வரம் வரைக்கும் டிரிப் போறவங்களுக்கு: தனுஷ்கோடி முனையில இருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். உங்க ஃபோன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிச்சு 'இலங்கைக்கு நல்வரவு'ன்னு மெசேஜ் காட்டலாம். டேட்டா ரோமிங்கை அணைச்சுட்டுப் போங்க, இல்லைனா செல்ஃபிக்கு பில் வரும்.

உங்க ஊர்ல எடுத்த ரீடிங்கை அனுப்புங்க. இடம், கம்பெனி, பேண்ட், ஆர்எஸ்ஆர்பி, அவ்வளவு போதும். கடல்ல எடுத்த ரீடிங் யாராவது அனுப்பினா, கரையிலிருந்து எத்தனை கி.மீ.ன்னும் சேர்த்துப் போடுங்க. அந்த மேப்பை இதுவரைக்கும் எந்தக் கம்பெனி வெப்சைட்லயும் நான் பார்க்கல.